இருபது கட்டம்

ஓட்டிலி க்ரம்பாக் ஒட்டிய இடத்தை விரல் நுனியால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாது. பெர்லினில் எங்கள் பிலிம் கூடத்தில் பன்னிரண்டு பெண்கள். வெட்டுவதும் ஒட்டுவதும்தான் பிழைப்பு. மற்றவர்கள் ஒட்டிய இடம் வரும்போது திரையில் படம் ஒரு துள்ளு துள்ளும். அவள் ஒட்டினால் துள்ளாது. எனக்கு அதில் பொறாமை உண்டு, இப்போது சொல்வதற்கென்ன.

வாயில் விரல் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்றுதான் அவளை நினைத்திருந்தோம். அப்படிப்பட்டவள் போய்க் கட்டிக்கொண்டது ஒரு சிரிப்பு நடிகனை! சிமோன் ப்ராஷ். ஐந்தடி உயரம், முறம் போலக் காது. படத்துக்குப் படம் ஹோட்டல் சர்வர் வேஷம்தான். சூப்பைக் கொட்டுவான், திட்டு வாங்குவான், போய்விடுவான். ஆட்குறைப்பு என்றால் கல்யாணமான பெண்களைத்தான் முதலில் அனுப்புவார்கள். அதனால் ஓட்டிலி கூடத்தில் மூச்சு விடவில்லை, பழைய பெயரிலேயே இருந்தாள். பக்கத்து மேஜைக்காரியான எனக்கு மட்டும் தெரியும்.

"அந்தாளுகிட்ட அப்படி என்னத்தடி கண்டே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுக்கு வந்தா கதவைத் தட்ட மாட்டார், எர்னா. கீழ்ப்படியில கால் வைக்கும்போதே 'இதோ வந்துட்டேன்!'னு ஒரு சத்தம். நாலு மாடிக்கும் கேக்கும். கீழ்வீட்டுக்காரி திட்டாத திட்டில்லை."

அதே வார்த்தையை அவன் 'ஒன்பதாம் அறைப் பெண்' படத்திலும் போட்டுவிட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் வந்த காதல் கூத்து. டைப்பிஸ்ட் ஒருத்தியைக் கோடீஸ்வரன் மகள் என்று ஹோட்டலே நம்பிவிடும். அதில் சிமோன் சூப்போடு நுழையும்போதே "இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு வருவான். தியேட்டர் கொல்லென்று சிரிக்கும்.

முப்பத்து மூன்றில் ஆட்சி மாறியது. சிமோன் யூதன். வேஷம் நின்றது, நண்பர்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். "இடம் பாத்துட்டு எழுதறேன், நீ வா" என்று சொல்லிவிட்டுப் பிராகுக்குப் போனான். அடுத்த குளிர்காலத்தில் அங்கிருந்து கடிதம் வந்தது, அவன் தங்கியிருந்த வீட்டுக்காரி எழுதியது. நுரையீரலில் சளி கட்டிப் போய்விட்டானாம், அடக்கமும் முடிந்துவிட்டதாம். ஓட்டிலியால் கறுப்பு உடுத்தக்கூட முடியவில்லை. யாருக்காக என்று கேட்டால் என்ன சொல்வாள்? கொண்டுவந்த ரொட்டியைச் சுற்றிய காகிதம் பிரியாமல் வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

மூன்று வாரம் கழித்து மேற்பார்வையாளர் பன்விட்ஸ் அவள் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா ஓட்டிலி, இந்த 'ஒன்பதாம் அறைப் பெண்' மறுபடியும் ஓடப் போகுது. இதுல ஒரு சர்வர் வர்றான் பாரு, அவன் இருக்கக் கூடாதாம். மேலிடத்து உத்தரவு. பதினாலு காப்பியிலயும் தூக்கிடு. உன் கைதான் நறுவிசு."

"சரிங்க சார்" என்றாள்.

அவர் போனதும் நான் பிலிம் பெட்டிகளைப் பிடித்து இழுத்தேன். "என்கிட்ட குடுடி. நான் வெட்டறேன்."

"வேண்டாம். நீ ஒட்டினா துள்ளும்."

பதினான்கு முறை புருஷனை வெட்டிக் கூடையில் போட்டாள். பாவி, ஒரு காப்பியிலும் படம் துள்ளவில்லை.

பேசும் படத்தில் ஒரு சங்கதி உண்டு. பிலிமில் ஒவ்வொரு படமும் ஒரு கட்டம்; ஆள் தெரிகிற கட்டத்திலேயே அவன் குரல் இருக்காது. இருபது கட்டம் முன்னாலேயே பிலிம் ஓரத்தில் பதிந்திருக்கும். ஆளை வெட்டினாலும் அவன் குரலின் தொடக்கம் தப்பிவிடும், ஒரு நொடிக்கும் குறைவாக. அடுத்த காட்சியில் வேறு யார் முகத்தின் மேலோ போய் அது ஒலிக்கும். அதனால் அந்த இருபது கட்டத்தின் ஓரத்தில் கறுப்பு மை பூசி வாயை அடைப்போம். பதின்மூன்று காப்பிக்கு ஓட்டிலி பூசினாள். பதினான்காவதற்கு மைப்புட்டியை மூடிவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஒரு நொடிகூட இல்லையே, எர்னா."

அந்தக் காப்பி எந்தப் பேட்டைத் தியேட்டருக்குப் போனாலும் ஞாயிறு மதிய ஆட்டத்துக்கு அவளும் போனாள். ஒருமுறை என்னையும் இழுத்துப் போனாள். கதாநாயகி மழையில், பூங்கா பெஞ்சில் காதலனுக்காகக் காத்திருக்கிறாள். எங்கிருந்தோ, "இதோ வந்துட்டேன்!" யாரும் வரவில்லை. மழைதான் பெய்கிறது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓட்டிலி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கேட்டியா? கேட்டியா?" என்றாள்.

அந்தக் குரலைப் பற்றிச் சீருடைக்காரன் எவனோ புகார் எழுதிப் போட்டான். பன்விட்ஸ் குதித்தார். "எந்தக் காப்பி, ஒட்டினது யாரு, ரெண்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்!" அந்த வாரம் பார்த்து ஓட்டிலி காய்ச்சலில் படுத்துவிட்டாள். பதினான்கு பெட்டிகளும் சோதனைக்கு என் மேஜைக்கு வந்தன.

அவளைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் உண்மைதான். ஆனால் நான் முதலில் பயந்தது என்னை நினைத்து. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்தானே? பதினான்காவது காப்பியை எடுத்து, தூரிகையை மையில் தோய்த்தேன். இருபது கட்டம், ஒரே இழுப்பு.

"எல்லாம் பாத்துட்டேன் சார், சுத்தமா இருக்கு. எழுதினவன் குடிச்சிருப்பான்" என்றேன். அவருக்கும் விட்டால் போதும் என்றிருந்தது.

பெட்டி மறுபடி தியேட்டருக்குப் போனது. ஓட்டிலி வேலைக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். காய்ச்சல் விட்டதும் விடாததுமாக அவள் ஞாயிற்றுக்கிழமையே தியேட்டருக்குப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை கையுறை மாட்டும்போது சொன்னாள்: "நேத்து அவர் வரல, எர்னா."

"பழைய காப்பிடி. அந்த எடம் தேஞ்சிருக்கும்."

"தேஞ்சிருக்காது. நான் ஒட்டினது." என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "மை பூசினா அடியில சத்தம் அப்படியேதான் இருக்கும், இல்ல?"

"இருக்கும்" என்றேன். அது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கேக்காது. அவ்வளவுதான்."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கும் போகவில்லை. அவள் ஒட்டிய இடங்களிலும் படம் துள்ள ஆரம்பித்தது. யார் இப்படி ஒட்டினது என்று பன்விட்ஸ் கத்தும்போதெல்லாம், நான்தான் சார் என்று எழுந்து நின்று திட்டு வாங்கிக்கொண்டேன். மை பூசியது நான்தான் என்று மட்டும் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.