நாலாவது வளையம்

சிலாவத்துறையில் சரிபுதீனின் வீடு எதுவென்று கேட்டால் யாரும் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். "அந்தச் சிவப்புக் கார் நிக்கிற வீடு" என்று கையைக் காட்டுவார்கள். கார் என்னவோ அவருடையது இல்லை. மனைவி ஹமீதாவின் அண்ணன், புத்தளத்தில் இருக்கும் மர்சூக்குடையது. இரண்டே கதவு, பின்னால் ஒருவர் முழங்காலை மடக்கி ஒடுங்கினால்தான் உட்காரலாம். ஜப்பான்காரன் வேகத்துக்கென்று செய்ததை நம்மவர்கள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று நடக்கிற வேகத்தில் ஓட்டினார்கள்.

மாப்பிள்ளை கார் தரையைத் தடவிக்கொண்டு போகவேண்டும் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஆசை. அதற்காக மர்சூக் நாலு சக்கரத்துக்கும் ஏற்றி இறக்கும் ஸ்பிரிங் போட்டிருந்தார். ஸ்பிரிங்குக்கு அடியில் திருகாணி போலப் புரி வெட்டிய குழாய், அதில் ஒரு வளையம். வளையத்தை மேலே சுற்றினால் கார் உயரும், கீழே சுற்றினால் பதியும். கொழும்பில் அதைப் பூட்டிக் கொடுத்தவர் ஆயுளுக்கும் உழைக்கும் என்றாராம். யாருடைய ஆயுளுக்கு என்று அவர் சொல்லவில்லை.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரே வெளியேற்றப்பட்டபோது சரிபுதீன் இளந்தாரி. புத்தளத்து அகதி முகாமில் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே ஓலைக் கொட்டில். ஹமீதாவைக் கட்டிக்கொடுத்து, தன் தென்னந்தோட்டத்தின் மூலையில் வீடு போட இடமும் விட்டவர் மர்சூக். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சரிபுதீனுக்கு உப்புக்காற்றும் பற்றைக்காடும்தான் மிச்சம். அப்போதுதான் மர்சூக் கார்ச் சாவியை நீட்டினார்.

"மச்சான், இனிக் கலியாணமெல்லாம் அங்க பாதி, இங்க பாதிதானே. நீங்களே ஓட்டுங்க."

உண்மைதான். பெண் புத்தளத்தில் இருக்கும், மாப்பிள்ளை சிலாவத்துறையில் இருப்பான். நடுவில் காடு. மறிச்சுக்கட்டியைத் தாண்டினால் எலுவன்குளம் வரை கல்லும் குழியுமான கிறவல் பாதை. பதித்த கார் அதில் ஒரு முழம்கூடப் போகாது. ஆகவே மறிச்சுக்கட்டி வேப்பமரத்தடியில் காரை ஜக்கில் தூக்கி, நாலு வளையத்தையும் ஏற்றவேண்டும். காடு கடந்ததும் நாலையும் இறக்கவேண்டும். திரும்பும்போது மறுபடி அதே கூத்து. பட்டுச் சட்டை மாப்பிள்ளை மரத்தடியில் வியர்த்துக்கொண்டு நிற்பான். சரிபுதீன் கிறவலில் முழங்காலூன்றி வளையம் சுற்றுவார். வருசக் கணக்காக இதுதான் பிழைப்பு. வீட்டுக்கு வந்து தொழுகைக்கு மண்டியிடும்போது முழங்கால் இரண்டும் கத்தும்.

"ஏலாதெண்டு நானாக்கிட்டச் சொல்லுங்களன்" என்று அண்ணனைக் குறித்துச் சொல்வாள் ஹமீதா.

"எந்த வாயால சொல்ற?" என்பார் அவர். சோறும் இடமும் தந்த மனிதனிடம் களைத்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

ஸ்பிரிங்கும் களைத்துக்கொண்டுதான் வந்தது. கல் பட்டுப் பூச்சு உரிந்தது. உரிந்த இடத்தைக் கடற்காற்று தின்றது. பின்பக்கம் ஒன்று தானாகவே அமர்ந்துபோய்க் கார் சற்றே சாய்ந்து நின்றது. புரியில் துரு ஏறாமலிருக்க, படகு இயந்திரத்துக்குப் பூசுகிற கிறீஸை அப்பினார் சரிபுதீன். கடலில் அது கண்கண்ட மருந்து. கரையிலோ பறக்கிற மணலெல்லாம் அதில் ஒட்டி, உப்போடு சேர்ந்து இறுகிப்போனது. நல்லது செய்வதாக நினைத்து அவரே பூட்டைப் போட்டுவிட்டார்.

ஒரு கலியாணத்தன்று எலுவன்குளத்தில் மூன்று வளையங்கள் இறங்கின. மறிச்சுக்கட்டியில் முக்கி முனகி ஏறிய முன்பக்கத்து நாலாவது இப்போது அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார், சுத்தியலால் தட்டினார். வளையத்தின் பல் உடைந்ததே தவிர அது திரும்பவில்லை. மூன்று கால் பதிந்து ஒரு கால் தூக்கிய காரில் மாப்பிள்ளையைக் கொண்டுபோக முடியுமா? இறக்கிய மூன்றையும் திரும்ப ஏற்றினார். கடைசி வளையத்தை ஏற்றும்போது அவர் கண்ணில் நீர் வந்தது. வியர்வை என்று மாப்பிள்ளை நினைத்திருப்பான்.

பெண் வீட்டு வாசலில் கார் உயரமாக வந்து நின்றது. வீடியோக்காரன் முகம் சுளித்தான். சாப்பாடு முடிந்ததும், கலியாணத்துக்கு வந்திருந்த மர்சூக் சமையல் பந்தலுக்குப் பின்னால் நின்ற காரைக் குனிந்து பார்த்தார்.

"அறுத்துத்தான் எடுக்கோணும். புதுசு வரவழைப்பமா?"

சரிபுதீன் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம் மச்சான். எனக்கு ஏலாது. இதுக்குமேல ஏலாது."

மர்சூக் காரின் அடியிலிருந்து நிமிர்ந்தார்.

"இதச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலமா? எனக்கு எப்பவோ அலுத்துப் போச்சு. இத வாங்க எத்தின பேர் வந்தாங்க தெரியுமா? இத வித்துட்டா அங்க நீங்க என்ன செய்வீங்க எண்டுதான் வச்சிருந்தன்."

"நான் உங்களுக்காகத்தானே ஓட்டினன்..."

சரிபுதீனுக்கு முதலில் வந்தது கோபம்தான். வீணாகத் தேய்ந்த முழங்கால்களுக்காக வந்த கோபம். யார்மீது அதைக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. மர்சூக்கும் மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் முழங்கால் நோகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஸ்டோர்ல பழைய ஸ்பிரிங் கிடக்கு. காரோட வந்தது" என்றார் மர்சூக். "வார கிழமை அதப் பூட்டி வித்துடுவம்."

மறுநாள் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்காகப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, உயர்த்திய காரிலேயே சரிபுதீன் காட்டைக் கடந்தார். மறிச்சுக்கட்டி வேப்பமரம் வந்ததும் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கார் நின்றது. கதவைத் திறந்து ஒரு காலையும் வெளியே வைத்துவிட்டார்.

"ஏன் அங்கிள், இறங்கவா?" என்றாள் புதுப்பெண்.

"இல்ல மகள்" என்றார். காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திய பிறகும் அவருக்கு உடனே காரை எடுக்கத் தோன்றவில்லை.