சுண்ணாம்பு காயாத அறை

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அது முதல் மழைக்காலம். ஏழு மாத மகனுக்குச் சளியும் காய்ச்சலும்; ஓயாமல் அழுதான். கணவர் மதிய ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் நான் சமைத்தாக வேண்டும். முந்தின நாள் நானே அடித்த சுண்ணாம்பு ஈரத்தில் அறை சில்லிட்டது. சுவரும் காயும், பிள்ளைக்கும் கதகதப்பாக இருக்கும் என்று, புகையடங்கிக் கனிந்த கரியடுப்பை அங்கே வைத்து, சன்னலைச் சாத்தி, அவனைப் படுக்கவைத்துக் கதவையும் மூடினேன்.

சிறிது நேரத்தில் அழுகை நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டான் என்று அடுப்படியில் நிம்மதியாகக் குழம்பைத் தாளித்தேன்.

உப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண், பிள்ளையைப் பார்க்க அறைக்கதவைத் திறந்ததும் அலறினாள்.

"என்னக்கா, கரியடுப்ப வச்சிக்கினு சன்னல சாத்திட்டீங்க? பொக இல்லன்னாலும் கரியில வெஷக்காத்து வருமே! புள்ளைய வெளிய தூக்குங்க!"

தூக்கினேன். தலை தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடியும் பிழைக்கவில்லை.

பிறகு மூன்று பிள்ளைகள் பெற்றேன். அவர்கள் எவ்வளவு அழுதாலும் அதட்டியதில்லை. அழுகை நின்றால்தான், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.