உள்ளங்கையில் பவுடர்

எனக்கு வியர்வை என்றால் பயம். பாம்புக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வியர்வைக்குப் பயம் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு என் உள்ளங்கையைத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் நனைந்து, மை பரவி, சரியாகப் போட்ட கணக்குக்கே மார்க் போயிருக்கிறது. மைசூரில் எல்லோரும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போகும் மார்கழிக் காலையிலும், பயந்துவிட்டால் என் கை சொட்டும். பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணமும் வேண்டியதில்லை.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் அங்கேயே பிறந்து, கன்னடத்தில் படித்து, தமிழை வீட்டில் மட்டும் பேசி வளர்ந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் சேர்ந்தேன். நான்கு வருடம் பேக்கிங் மேஜை. பத்தியை உறையில் போட்டு, ஒட்டி, அடுக்கி, கணுக்கால் வீங்கும்வரை நின்றே செய்யும் வேலை. ஒருநாள் ஒரு கட்டைப் பிரித்தபோது, “இதுல சந்தனம் கம்மியா இருக்கே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முதலாளி பின்னால் நின்றிருந்தார். சோதித்துப் பார்த்தார்கள், நான் சொன்னது சரியாக இருந்தது. அடுத்த வாரமே என்னை வாசனை அறைக்கு மாற்றினார். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பார்க்கலாம் என்றார்.

வாசனை அறையில் நாங்கள் இரண்டு பேர். எண்ணெய்களை அளந்து கலவை போடுகிறவர், கர்நாடகத்துக்குள்ளேயே தமிழ் பேசும் ஊரான மார்டள்ளிக்காரர், நாற்பது வயதிருக்கும், பன்னிரண்டு வருடமாக அங்கே இருந்தவர். அவர் கலந்ததை முகர்ந்து சரியா இல்லையா என்று சொல்வது என் வேலை. அந்த அறைக்குள் வருகிறவர்கள் பூ வைக்கக் கூடாது, பவுடர் பூசக் கூடாது, வாசனை சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாது, தலையில் எண்ணெய் கூடாது. மதியச் சாப்பாட்டில் பச்சை வெங்காயம்கூடக் கூடாது. இதில் எதை மீறினாலும் முகர்வது தப்பாகிவிடும். “பூவுமில்ல, பவுடருமில்ல. நம்மளக் கோயிலுக்குள்ளகூட விட மாட்டாங்க அம்மிணி” என்று அவர் சிரிப்பார். என்னை எப்போதும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

ஆறு மாதம் முடிகிற மே மாதத்தில், வெளியூர் போகும் விற்பனைக்காரர் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸில் ஒரு மொத்த வியாபாரி இருந்தார். எங்கள் சரக்கில் பாதி அவர் கைக்குத்தான் போகும். அந்த வருடத்தின் மூன்று புதிய வாசனைகளை நேரில் கொண்டுபோய்க் காட்டி, அவர் சரி என்றால் ஆர்டர். “உனக்குத் தமிழ் தெரியும், வாசனையும் தெரியும். நீயே போய் வா. வந்ததும் உன் பெர்மனென்ட் ஆர்டரைப் பேசலாம்” என்றார் கன்னடத்தில். வியாபாரி ஆர்டர் தராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. மறுபடி பேக்கிங் மேஜை என்று நானே முடித்துக்கொண்டேன். கை அப்போதே ஈரமாகிவிட்டது.

அக்கினி நட்சத்திரத்தில் மெட்ராஸ். மைசூர்க்காரிக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்கள் பத்திரிகையை வாங்கி, ‘கோடையில் அலுவலகம் செல்லும் பெண்களுக்கு’ என்ற பக்கத்தை இரண்டு முறை படித்தேன். அக்குளுக்கு டால்கம் பவுடர், கைக்குட்டையில் இரண்டு சொட்டு கொலோன், கூந்தலில் ஒரு முழம் மல்லிகை. எழுதிய புண்ணியவதிக்கு என் மேல் என்ன கோபமோ, எனக்கு ஆகாததாகவே பொறுக்கியெடுத்து எழுதியிருந்தாள். நானாகவே வழி தேடிக்கொண்டேன். கஞ்சி போட்ட வெள்ளைக் காட்டன் புடவை, வியர்த்தாலும் தெரியாத கருநீல ரவிக்கை, மாற்றிக்கொள்ள இன்னொன்று. அப்பாவின் பழைய வேட்டியைக் கத்தரித்து, ரவிக்கையின் அக்குளில் உள்பக்கமாக இரண்டு மடிப்புத் துணி வைத்துத் தைத்தேன். கைக்குட்டை ஆறு. குளிக்கக் கடலை மாவுப் பொட்டலம் ஒன்று.

“பூவில்லாம ஒரு பொண்ணு தனியா ஊருக்குப் போறதா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? சும்னே பயந்துக்கிட்டு எல்லாத்தையும் விட்டுடறே” என்றாள் அம்மா. நான் சும்மா பயப்படவில்லை. என் உடம்பு நாறினால் அது எனக்கே தெரியாது என்பதுதான் என் பயம். கூடவே இருக்கிற வாசனையைப் பத்து நிமிடத்தில் மூக்கு மறந்துவிடும். ஊரிலுள்ள சந்தனத்தையெல்லாம் எடைபோடும் என் மூக்கு, என் உடம்பு விஷயத்தில் எல்லார் மூக்கையும் போலத்தான்.

பெரம்பூரில் சித்தி வீட்டில் தங்கினேன். காலையில் கடலை மாவு தேய்த்துக் குளித்துவிட்டுத் துடைத்தேன், துடைத்த இடம் நனைந்தது, மறுபடி துடைத்தேன். புடவைக் கொசுவம் வைப்பதற்குள் விரல் பட்ட இடமெல்லாம் கஞ்சி இளகித் தொய்ந்துபோயிற்று. மணி எட்டுகூட ஆகவில்லை. வாசனை பார்ப்பது மெல்லிய தாள் பட்டையில். குப்பியில் பட்டையைத் தோய்த்து, வியாபாரியின் கையில் நான் கொடுக்க வேண்டும். இந்தக் கையால் கொடுத்தால் தாள் நைந்துவிடும். அதை நினைக்க நினைக்கக் கை இன்னும் வியர்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இப்படி ஈரக் கையோட போய் நின்னா எவன்டி மதிப்பான்? உடம்புக்கு வேணாம்னா விடு, கைக்காச்சும் போட்டுக்க” என்று சித்தி தன் ரோஸ் பவுடர் டப்பாவை நீட்டினாள்.

வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிறகு வாங்கினேன். உள்ளங்கைக்கு மட்டும், அதுவும் கடைக்குப் போனதும் கழுவிவிடலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு தட்டிக்கொண்டேன். கை உலர்ந்தது. அந்தச் சுகத்தை இன்றைக்கும் மறைக்கத் தோன்றவில்லை.

கடை பூக்கடைப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கியதும் வாசல் குழாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. மே மாத மெட்ராஸில் தண்ணீரை எதிர்பார்த்தது என் அறியாமை. அதற்குள் மாடியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பட்டைகளும் குப்பிகளும் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

மாடி அறையில் வியாபாரி ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியையும் நிறுத்தினார். காற்று ஓடினால் வாசனை கலைந்துவிடும், எங்கள் தொழிலில் எங்கேயும் இதுதான் வழக்கம். முதுகில் வழிந்த வியர்வை இடுப்புவரை இறங்குவது தெரிந்தது. ஆனால் கை மட்டும் காய்ந்திருந்தது. ஒவ்வொரு பட்டையையும் விரலால் நீவிச் சுருக்கெடுத்து, தோய்த்து, நிதானமாக நீட்டினேன். பிறந்ததிலிருந்து என் கை அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை. முதல் பட்டை சந்தனம், அடுத்தது தாழம்பூ, கடைசியில் மகிழம்பூ. மூன்றையும் முகர்ந்தார். திரும்பவும் முதலிலிருந்து முகர்ந்தார்.

“என்னம்மா இது, மூணுலயும் ரோஸ் அடிக்குது?” என்றார்.

எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. அடுத்த கணம் புரிந்துவிட்டது. கையை மடியில் முந்தானைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன்.

“சீசாவைச் சரியாக் கழுவாம ஊத்திட்டாங்களா?” என்று அவரே கேட்டார்.

“இருக்கலாம்” என்றேன்.

அந்த ஒரு சொல்தான். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது முழு உண்மையில்லை. சொல்லும்போதே பேக்கிங் மேஜை கண்ணுக்கு முன்னால் நின்றது. வியாபாரி குப்பிகளை லாரி பார்சலில் மைசூருக்குத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி, அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டார்.

ஊர் திரும்பி வேலைக்குப் போனபோது வாசனை அறையில் கலவைக்காரர் இல்லை. “ரோஜா ஊற்றிய புனலைக் கழுவாமல் சாம்பிள் ஊற்றியிருக்கிறான். டிரம்மில் இருக்கிற சரக்கு சுத்தமாக இருக்கிறது, அதனால் குப்பியில் ஊற்றியவன் தப்புதான். குப்பிகள் திரும்பி வரட்டும், நீயும் முகர்ந்து சொல். ரோஜா இருந்தால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன். அதுவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்” என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன். இப்போதே சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. நான் கைக்குட்டையைத்தான் தேடினேன்.

நான்கு நாள். கேட்டுக்குள் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். சோறு இறங்கவில்லை. அம்மா மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அதையும் குடித்தேன். மூன்றாம் நாள் மாலை கம்பெனி வாசலில் கலவைக்காரர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வேலையில்லாத நாளிலும் பூவும் பவுடரும் படாத அதே துவைத்த சட்டை.

“நானு புனலக் கழுவித்தான் ஊத்துனேன் அம்மிணி. சத்தியமாக் கழுவுனேன். ஊட்டுல சொல்லவே இல்ல, தெனமும் வேலைக்குப் போறாப்பல கெளம்பி வந்து மார்க்கெட்டுல சுத்திக்கிட்டு இருக்கறேன். நீ மோந்து சொன்னாப் போதும். உன்ற மூக்கு பொய் சொல்லாது. அந்தத் தெகிரியத்துலதான் இருக்கறேன்” என்றார்.

“சரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன்.

நான்காம் நாள் மதியம் பார்சல் வந்தது. முதலாளி கலவைக்காரரையும் வரவழைத்திருந்தார். அறையை மூடி, விசிறியை நிறுத்தி, குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். நெற்றி சுருங்கியது. “ரோஜா இல்லையே?” என்றார். பிறகு அவரே, “ஒருவேளை வழியில் பறந்துவிட்டதோ என்னவோ. நீதானே அங்கே இருந்தாய். நீ சொல்” என்று குப்பியை என்னிடம் நீட்டினார்.

தப்பிக்க ஒரு வாசலை அவரே திறந்து வைத்துவிட்டார். ஆமாம் சார், பறந்துவிட்டது என்றால் போதும். யாராலும் மறுக்க முடியாது. கலவைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் கவலையே இல்லை. நான் இருக்கிறேன் என்ற நிம்மதியில் நின்றுகொண்டிருந்தார். அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு வந்த பயத்துக்கு முன்னால் பேக்கிங் மேஜை ஒன்றுமேயில்லை.

“குப்பியில ரோஜா எப்பவுமே இல்லை சார். என் கையில இருந்தது. வேர்க்குதுன்னு பவுடர் போட்டுக்கிட்டேன்.”

கன்னடத்தில் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு கன்னடத்திலும் சொன்னேன். முதலாளி திட்டினார். மூக்கை வைத்துப் பிழைக்கிறவள் செய்கிற காரியமா என்று கேட்டார். என்னையே வியாபாரிக்குப் போன் போட்டுச் சொல்ல வைத்தார். அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்புச் சத்தம். சாம்பிள்களை மறுபடி வேறு ஆளிடம் அனுப்பச் சொன்னார் வியாபாரி. மூன்றுக்கும் ஆர்டர் வந்தது. என் பெர்மனென்ட் ஆர்டர் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஆனால் வந்தது.

அன்று மாலை குழாயடியில் கலவைக்காரர் புனல்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவர் நிமிராமலே கேட்டார்.

“நேத்து வாசல்ல பேசறப்பவே உனக்குத் தெரியுமா அம்மிணி?”

“தெரியும்” என்றேன்.

“ம்” என்றார். புனலை ஒருமுறை கழுவினார். தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஒருமுறை கழுவினார். மன்னிப்பைக் கேட்காமலே கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் அன்றைய கலவையில் பட்டையைத் தோய்த்து என் பக்கம் நீட்டினார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

“மோந்து பாத்துச் சொல்லுங்க மேடம்” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.