காருக்குப் பல் உண்டா?

ஒக்ரோபர் 14, செவ்வாய். காலை 6.40. ஓடிய தூரம் 2,84,610 கிலோமீற்றர். குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பியதும் முன்புறத்தில் கடகடவென்ற சத்தம். ஏழு செக்கன். பின்னர் இல்லை.
ஒக்ரோபர் 15, புதன். காலை 6.40. அதே சத்தம். எட்டு செக்கன்.
ஒக்ரோபர் 16, வியாழன். மழை. ஏழு செக்கன். சத்தம் தொடங்கி மூன்று மாதம்.

இந்த 'மூன்று மாதம்' எனக்கு முக்கியமானது. கார் காலையில் நறநறவென்று பல்லு நெருமுது என்று என் மனைவி இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தாள். அப்படியொரு சத்தம் இல்லை என்று நான் மறுத்தேன். காருக்குப் பல்லும் இல்லை என்று திருத்தினேன். சித்திரையில் அவள் காலமானாள். சத்தம் உண்மையிலேயே ஆடியில்தான் தொடங்கியதென்றால் நான் சொன்னது சரி. இல்லையென்றால், எங்கள் கடைசி இரண்டு ஆண்டுகளில் அநேக காலைகளை நான் வீணாக வாதாடிக் கழித்தவனாவேன்.

வெள்ளிக்கிழமை விடிய, பக்கத்து ஊர் சுருவிலிலிருந்து மெக்கானிக் எங்கள் புளியங்கூடலுக்கு வந்தார். மீன்பிடிக் குடும்பத்தவர், வள்ளத்து இயந்திரங்களில் காது பழகியவர். சூடேறிய இயந்திரத்தில் இந்தச் சத்தம் அகப்படாது என்பதால் வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தேன். என் பதிவுக் கொப்பியை நீட்டினேன். வாசித்துவிட்டு, மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"நல்ல எழுத்து, மாஸ்டர். இனி காரைக் கேப்பம்."

கிளப்பினேன். கடகடத்தது. அவர் நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"ரைமிங் செயின்தான். எண்ணெய் ஏறுமட்டும் தளர்ந்து அடிக்குது."

வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி அது. நாற்பது ஆண்டு கணிதம் கற்பித்தவன் பிறர் காதை மட்டும் நம்பிவிட முடியாது. திருப்புளியை வாங்கி நானும் காதில் வைத்தேன்.

"இன்னொரு சத்தமும் இருக்குது. 'கீ' எண்டு. நீர் அதைக் கவனிக்கேல்லை."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். 'கீ' நிற்கவில்லை.

"அது காரில்லை, மாஸ்டர். உங்கட காதுமெசின்."

பிடி அழுத்தியதால் காதுக்கருவி கூவியிருந்தது. அதைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.

"எப்ப தொடக்கம் போடுறியள்?"

"மகள் அனுப்பினவள். மூண்டு மாசம்."

"சத்தம் எப்ப தொடங்கினது எண்டு எழுதினியள்?"

நான் கொப்பியை மூடினேன்.

அவர் இயந்திரத்தின் மேல்மூடியைக் கழற்றி, சங்கிலியை விரலால் அமுக்கிக் காட்டினார். உடுப்புக் காயப்போடும் கொடியைப் போலத் தொய்ந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனர் முழுவதும் வெளியே நீண்டுவிட்டது. இனி நீள இடமில்லை.

"இது மூண்டு மாசத்துத் தேய்வில்லை. கார் பல்லு நெருமுது எண்டு அக்கா போன வருசமே சந்தையடியில கண்டு எனக்குச் சொன்னவா."

"பிறகேன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நான் சொல்லி நீங்கள் கேப்பியளோ? காருக்குப் பல்லில்லை எண்டு அவவுக்கே பாடம் எடுத்தனீங்களாம்." சங்கிலி ஓடும் சில்லைத் தொட்டார். "இதுக்குத் தமிழில என்ன பேர், மாஸ்டர்?"

"பற்சக்கரம்," என்றேன்.

சொல்லி முடிந்த பிறகே என் காதில் விழுந்தது.

"பிறகென்ன," என்றார் அவர். "பல் இருக்குது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், சித்திரைக்குப் பின் அந்த முற்றத்தில் அது முதல் தடவை. பிறகு தேத்தண்ணீர் வைக்கிறேன் என்று குசினிக்குப் போய், தேவைக்கு அதிக நேரம் நின்றேன். கதவு கிறீச்சிட்டது. அதையும் அவள் சொல்லியிருந்தாள்.

செய்யாமல் கிடப்பவை:
- புதிய செயினும் ரென்சனரும் வரும்வரை காரை எடுக்காதிருத்தல். நேற்று எடுத்தேன்.
- ஒக்ரோபர் 16ஆம் திகதிப் பதிவில் 'மூன்று மாதம்' என்பதைத் திருத்துதல்.
- குசினிக் கதவுக்கும் கிணற்றுக் கப்பிக்கும் எண்ணெய் விடுதல்.
- என் குறட்டை: அவள் சொன்னாள், நான் மறுத்தேன். இனிச் சரிபார்க்க ஆளில்லை. ஒப்புக்கொள்ளுதல்.