ஒரே மாதிரி

காலை எட்டு நாற்பது. ஆய்வுக்கூடத்தின் குளிர்பெட்டியைத் திறந்ததும் முந்தைய நாள் நான் எடுத்து வைத்த பத்து பாட்டில்கள் கண்ணில் பட்டன. ஒன்பதில் சீல் பிரிக்கப்படவே இல்லை.

உள்ளே இருப்பது நிலக்கடலை மாவு. பூஞ்சையால் உண்டாகும் நஞ்சு அதில் எவ்வளவு என்று அளந்து குறித்து அனுப்புவோம். மற்ற ஆய்வுக்கூடங்கள் தங்கள் கருவி சரியாக அளக்கிறதா என்று இதை வைத்துத்தான் பார்க்கும். எனவே திருப்பதியில் நாங்கள் நிரப்பும் நூறு பாட்டிலிலும் நஞ்சு ஒரே அளவில் இருக்க வேண்டும். முதலில் நிரப்பியதிலிருந்து கடைசி வரை அங்கங்கே பத்தை எடுத்துத் தனித்தனியே அளப்பது முறை.

அளந்தவர் நாராயணவனத்திலிருந்து வரும் பெண். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். "பத்தும் ஒட்டிப் பொறந்த மாதிரி கீது சார்" என்று சிரித்தபடி தாளை நீட்டியிருந்தார். நானும் சிரித்துக் கையெழுத்திட்டேன். முந்தைய நாள் மாலையே இருபது பாட்டில்கள் சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போய்விட்டன.

அவரை அழைத்தேன். "மத்த ஒம்பதும் ஏம்மா பிரிக்கல?"

"நீங்கதான சார் போன்ல சொன்னீங்க, ஒரே மாதிரிய பத்து வாட்டி பாருன்னு. ஒண்ண எடுத்துக்கினு பத்து வாட்டி பார்த்தேன்."

"மத்தது எதுக்கு வெச்சிருக்கேன்னு நினைச்சே?"

"ஸ்பேருன்னு நினைச்சேன் சார்."

நான் சொன்னது "ஒரே மாதிரியா, பத்து வாட்டி பாரும்மா" என்று. நான் பேசிய ரேணிகுண்டா ரயில் நிலைய இரைச்சலில் ஒரு துணைக்கால் விழுந்து, 'மாதிரி' அவருக்கு ஒரே சாம்பிள் என்று கேட்டிருக்கிறது. பாட்டில் என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. இத்தகைய வேலையை எழுதித்தான் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை.

மாலைக்குள் மீதி ஒன்பதையும் இருவருமாக அளந்தோம். கடைசியாக நிரப்பிய இரண்டில் நஞ்சு தெளிவாகக் கூடுதல். சென்னைக்குப் பேசினேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள்.

மேலாளர் ஒரு படிவம் அனுப்பினார். என்ன நடந்தது, காரணம் என்ன, யார் பொறுப்பு. மாதக் கடைசியில் அந்தப் பெண்ணின் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யும்போது இந்தப் படிவமும் மேசைக்கு வரும். அது அவருக்கும் தெரியும்.

கிளம்பும்போது என் மேசையருகே நின்றார். "சார், போன்ல சொன்னத எழுதுவீங்கல்ல?"

"எழுதறேம்மா."

அவர் போனபின் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.