கண்டெடுத்த கம்பம்

இந்தத் திங்கட்கிழமை எங்கள் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஒரு விளக்குக் கம்பத்துக்காக மூன்று பேர் சண்டை போட்டார்கள்!

அவர்களில் இரண்டு பேர், போன மாதம் வரை "அது எங்களுடையதே இல்லை" என்று சாதித்தவர்கள். (மூன்றாவது ஆள் காயலான் கடைக்காரர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலைகளில், பள்ளி தொடங்குவதற்கு முன்பு, பத்தாம் வகுப்பு மாணவிகள் சிலருடன் உட்காருகிறேன். ஊரில் ஒரு பிரச்சினையை அவர்களே தேர்ந்தெடுத்து, ஆராய்ந்து, தீர்க்கப் பார்க்க வேண்டும். இதற்கென்று பெங்களூரிலிருந்து பளபளப்பான ஒரு கையேடு வந்திருக்கிறது. அதில் எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே மரம் நடுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் மரம் நடவில்லை. பழைய சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எரியாத ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எனக்கு ஏமாற்றம். ஒரே ஒரு விளக்கா? (கையேட்டின் அட்டையில் 'உலகை மாற்று' என்றல்லவா போட்டிருந்தது!)

வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கச் சொன்னது கையேடு. ஒரு வேலை நாளில், காலை பதினோரு மணிக்குப் போனோம்.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். விடிகாலை ரயிலில் பாதி ஊர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறது. பதினோரு மணிக்கு லைனில் யார் இருப்பார்கள்? கதவுக்குக் கதவு பூட்டு.

முதல் ஆய்வின் முடிவு: பூட்டுகளுக்கு விளக்குப் பிரச்சினை எதுவும் இல்லை.

ரெஜினாதான் வழி சொன்னாள். எங்கள் குழுவின் வாய் அவள்.

"ஊரே பிளாட்பாரத்துல நிக்கும் மிஸ். அங்க போயி கேட்டா முடிஞ்சிது. வீடு வீடா இன்னாத்துக்கு அலையணும்?"

மறுநாள் விடியுமுன் நோட்டும் பேனாவுமாகப் பிளாட்பாரத்துக்குப் போனோம். அங்கே ஷாலினி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் அவள் அம்மா.

ஷாலினி யாரென்றால், என் வகுப்பில் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கும் பெண். மாதாந்திரப் படிவத்தில் அவள் பெயருக்கு நேரே 'ஈடுபாடு குறைவு' என்று நானே எழுதியிருந்தேன்.

"எங்களுக்கு முன்னாடியே வந்துட்டியே!"

"தெனமும் வரேன் மிஸ். அம்மா அந்தக் கம்பத்தாண்ட பள்ளத்துல வுழுந்துட்டாங்க. அதுலேர்ந்து நான்தான் போன்ல டார்ச் அடிச்சிகினு வந்து ரயில் ஏத்தி வுடறேன்."

"திரும்பிப் போய்த் தூங்குவியா?"

"எங்க மிஸ்! தண்ணி புடிக்கணும், சோறு ஆக்கணும்."

அவள் அம்மா பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்கிறார். என்னை ஓரமாக அழைத்தார்.

"பப்ளிக் எக்ஸாம் வருது மிஸ். புக்கத் தொறந்தாலே இது தூங்கி வுழுது. இப்டியே போனா நான் வேலைய வுட்டுட்டு வூட்டுல குந்த வேண்டியதுதான். வேற இன்னா பண்ண சொல்றீங்க?"

ஒரே ஒரு விளக்கா என்று கேட்டவள் நான்.

விளக்கை எரிய வைக்கக் கேட்டு அர்ஜி எழுதிக்கொண்டு கிளம்பினோம்.

முதல் அலுவலகம்: "கம்பம் நம்மது இல்லம்மா. அது நிக்கிற நெலம் அவங்கள்து. அங்க போங்க."

இரண்டாவது அலுவலகம்: "நெலம் எங்கள்துதான். கம்பத்த நாங்க நடல. அங்க போங்க."

"அப்போ அது தானா மொளச்சிதா சார்?" என்றாள் ரெஜினா.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார் அவர். (சமூக மாற்றத் தலைவர், சார். கையேட்டிலேயே இருக்கிறது.)

நான்கு முறை நடந்தபின் இரண்டு பேரும் முத்திரை குத்தி எழுதியே கொடுத்துவிட்டார்கள்: கம்பம் எங்களுடையது அல்ல.

நான் சோர்ந்து உட்கார்ந்தேன். ரெஜினாவின் முகம் மலர்ந்தது.

"ரெண்டு பேரும் வேணான்னுட்டாங்க. அப்போ நாமதான் கண்டெடுத்தோம் மிஸ்! ஸ்கூல்ல டிபன் பாக்ஸ் கெடச்சா போர்டுல எழுதுவோமே, அதே மாதிரி எழுதிடலாம்."

எழுதினார்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம், மூன்றிலும்.

'இரும்புக் கம்பம் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உயரமானது. விளக்கு எரியாது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்குள் வராவிட்டால் முதலில் கேட்பவருக்குத் தரப்படும்.'

கீழே, முத்திரையிட்ட இரண்டு கடிதங்களின் நகல். கம்பத்தில் ஒன்று ஒட்டினோம், இரண்டு அலுவலக வாசல்களிலும் ஒவ்வொன்று.

சுரங்கம் மூடியபின் எங்கள் ஊரில் கேட்பாரற்ற இரும்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? மூன்றாம் நாள் காயலான் கடைக்காரர் வந்துவிட்டார். கம்பத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல வெயிட்டு. ஓனரு யாரும்மா?"

"யாருமே இல்லண்ணா. லெட்டர் கீது, படிச்சிப் பாருங்க" என்றாள் ரெஜினா.

படித்தார். கண் கலங்காத குறைதான்.

"சீல் வெச்ச பேப்பரா! இத்தினி வருசத்துல யாரும் எனக்குப் பேப்பரோட இரும்பு குடுத்ததில்லம்மா!"

அவர் வண்டிக்குப் போன் செய்வதை யாரோ படம் பிடித்து ஏரியா வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு அலுவலகங்களும் பைக்கில் வந்து இறங்கின. (நாங்கள் நான்கு முறை நடந்த அதே தூரம்!)

"கவர்மென்ட் சொத்து! கைய வெச்சா கேசு!"

"எங்க நெலத்துல நிக்கிது, அது எங்கள்து!"

"ரெண்டு பேரும் வேணான்னு எழுதிக் குடுத்துகிறீங்களே சார்!" என்று காயலான் கடைக்காரர் பேப்பரை நீட்டினார்.

இவ்வளவு கூச்சலுக்கும் நடுவில் ஷாலினி மெதுவாகக் கேட்டாள்.

"அடையாளம் சொல்லுங்க சார்."

"இன்னா அடையாளம்?"

"உங்கள்துன்னா எரியணும் சார்."

இரண்டு பேரும் கம்பத்தின் உச்சியை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே இரண்டு ஏணிகள் வந்தன! ஒருவர் ஒயர் போட்டார், இன்னொருவர் பல்பு மாட்டினார். விளக்கு எரிகிறது.

பகலிலும் எரிகிறது. (அணைப்பது யார் வேலை என்று இன்னும் முடிவாகவில்லை. அர்ஜி எழுத ரெஜினா தயார்.)

ஷாலினியின் அம்மா இப்போது தனியாகவே ஸ்டேஷனுக்குப் போகிறார்.

இன்று சனிக்கிழமை. வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள், ஷாலினியைத் தவிர. வகுப்பு முடியும் நேரத்தில் மெசேஜ் வந்தது: "சாரி மிஸ், தூங்கிட்டேன்."

படிவத்தை எடுத்து 'ஈடுபாடு குறைவு' என்பதை அடித்தேன். பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'வரவில்லை எனில், காரணம்.'

'திட்டம் வெற்றி' என்று எழுதினேன்.