ஒஸ்லோவில் ஒரு தேர்தல் வாரம்: அபிராமி மொழிபெயர்க்காமல் நிறுத்திய வரி

கணவருக்கு அலுவலகத்தில் மூன்று வாரப் பயிற்சி, இடம் ஒஸ்லோ என்றதும் நான் வேலை பார்க்கும் வங்கியில் சேர்ந்திருந்த விடுப்பை எழுதிக் கொடுத்துவிட்டு நானும் பெட்டி கட்டினேன். 2007 செப்டம்பர். நார்வேயில் அது உள்ளாட்சித் தேர்தல் மாதம் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். திருநெல்வேலிக்காரிக்குத் தேர்தல் புதிதா என்ன?

ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது. நண்பர் ஒருவர் மூலம் மோர்டென்ஸ்ருட்டில் ஓர் ஈழத்தமிழர் வீட்டில் அறை கிடைத்தது. மெட்ரோ ரயிலின் கடைசி நிறுத்தம் அது. நகர மையத்திலிருந்து இருபது நிமிடம், ஒற்றைப் பயணத்துக்கு 22 குரோனர். நம் பணத்தில் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல். தினமும் சுற்றப்போகிறவர்கள் முதல் நாளே வாராந்திரச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்காரர் சிவநேசன் மட்டக்களப்புக்காரர், இந்து. எண்பதுகளில் வந்து, வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரின் தொழிற்சாலையில் மீன் வெட்டியவர். இப்போது ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறார். மனைவி கலா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஒரே மகள் அபிராமி பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். பாட்ஸ்பியோர்ட்டில் பிறந்து எட்டு வயது வரை அங்கேயே வளர்ந்தவள். என் தமிழ் அவளுக்கு வேடிக்கை. "நீங்கள் 'ஆமா' எண்டு சொல்லேக்கை கோவமா சொல்லுற மாதிரி இருக்கு அன்ரி" என்று சிரிப்பாள்.

நான் கிறிஸ்தவள். முதல் ஞாயிறே பக்கத்துத் தேவாலயத்துக்குப் போய்விட்டேன். பாறையை உடைக்காமல் அப்படியே தரையோடு விட்டுக் கட்டிய கண்ணாடிக் கட்டடம். மோர்டென்ஸ்ருட் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம்தான், கட்டாயம் பாருங்கள். அங்கே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் இங்கெர். ஓய்வுபெற்ற நர்ஸ், நல்ல ஆங்கிலம். நான் பருத்திச் சேலையில் நடுங்குவதைப் பார்த்து, மறுநாளே வீடு தேடி வந்து, தான் பின்னிய கம்பளிச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அபிராமிக்கும் கைநிறைய ஆப்பிள். ஊர் விட்டு வந்த இடத்தில் இப்படி ஓர் அன்பு கிடைத்தால் யாருக்குத்தான் மனம் இளகாது?

அவர்தான் வியாழக்கிழமை லில்லெஸ்ட்ரோமில் ஒரு ஜெபக்கூட்டம் இருப்பதாகச் சொல்லி அழைத்தார். ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பாதி தூரம் சுரங்கத்துக்குள். கூட்டம் நார்வேஜிய மொழியில் என்பதால் மொழிபெயர்க்க அபிராமியை அழைத்துக்கொண்டேன். "எனக்கு ஓம். வாஃபல் குடுப்பினம்" என்று வந்தாள்.

வாஃபல் என்கிற அந்தக் கட்டம் போட்ட இனிப்பு அப்பம் உண்மையாகவே இருந்தது. மேலே பழக்கூழ், பக்கத்தில் காப்பி, மேசையெங்கும் சின்னச் சின்ன தேசியக் கொடிகள். அறுபது எழுபது பேர் இருக்கலாம். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பிறகு ஒருவர் எழுந்தார். அந்த ஊர் நகரசபைக்கு வேட்பாளராம். கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. பேத்திக்குக் கதை சொல்வதுபோல் பேசினார். அபிராமி என் காதருகே குனிந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எங்கடை கொடியில சிலுவை இருக்கு, அது அலங்காரத்துக்கு இல்லை எண்டு சொல்லுறார். இந்த நாட்டைக் கட்டினது விசுவாசம்தானாம். வந்த ஆக்கள் இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனா இது ஆருடைய வீடு எண்டு மறக்கக் கூடாதாம்."

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் தெருமுனையில், ஒலிபெருக்கி கட்டிய வேனில், இதே பேச்சை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அங்கே மதம் வேறு. நாங்கள்தான் அந்த 'வந்த ஆட்கள்'. நாலு தலைமுறையாக அதே தெருவில் இருந்தும். இங்கே அந்தப் பேச்சு என் சிலுவையைக் காட்டி நடந்துகொண்டிருந்தது.

திடீரென்று காதருகே சத்தம் நின்றுவிட்டது. கூட்டம் கைதட்டியது. இங்கெரும் தட்டினார்.

"ஏம்மா நிறுத்திட்ட? என்ன சொன்னாரு?"

அபிராமி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இந்த ஊரில நிலம் குடுக்கக் கூடாதாம். மூண்டு வருசம் இருந்த வெளிநாட்டாக்களுக்கு வோட்டுக் குடுத்தது பிழையாம். விருந்தாளியிட்டை வீட்டுச் சாவியைக் குடுத்த மாதிரியாம்."

இந்தப் பெண்ணை நான்தான் அழைத்து வந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து இங்கெர் எழுந்து என்னைச் சுட்டிக் காட்டினார். இந்தியாவிலிருந்து வந்த சகோதரி, அங்கே நம் கிறிஸ்தவ மக்கள் படும் பாட்டை இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்றார். எல்லா முகங்களும் கனிவோடு என் பக்கம் திரும்பின. எழுந்தேன். ஆங்கிலத்தில் சொன்னேன்:

"உண்மைதான், எங்கள் நாட்டில் சில இடங்களில் கிறிஸ்தவர்கள் அடி வாங்குகிறார்கள். அடிக்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான். இது எங்கள் மதத்தின் நாடு, நீங்கள் விருந்தாளிகள் என்பார்கள். இன்று அதையே இங்கே கேட்டேன். எனக்கு மொழிபெயர்த்த இந்தப் பெண் இந்து. இந்த நாட்டில் பிறந்தவள். அவளுக்காகவும் ஜெபியுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது."

வேட்பாளர் புன்னகையோடு நன்றி சொல்லி அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். அந்தப் புன்னகைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ரயில் மேடையில் இங்கெரின் கண்கள் சிவந்திருந்தன. "உன்னை எங்களில் ஒருத்தியாக நினைத்துத்தானே அழைத்தேன்? என்னை அவமானப்படுத்திவிட்டாய்" என்றார். அபிராமியைப் பார்த்து, "உன்னைச் சொல்லவில்லை அம்மா, நீங்கள் நல்ல விருந்தாளிகள்" என்றார், ஆங்கிலத்தில்.

அபிராமி முதல்முறையாக அவரிடம் நார்வேஜிய மொழியில் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் இங்கெரின் முகம் வெளிறியது தெரிந்தது. இரண்டே வாக்கியம்தான். பிறகு ரயில் வந்துவிட்டது. இங்கெர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

"என்ன சொன்ன?"

"நான் பிறந்த ஊரைச் சொன்னனான். அங்கத்தை பேச்சிலயே சொன்னனான். அவவும் வடக்குத்தான் அன்ரி, பக்கத்து ஊர். மற்ற ஆக்களோடை வாயைத் திறந்தாலே தெரியும். என்னோடை மட்டும் எப்பவும் இங்கிலீசிலதான் கதைப்பா."

வீட்டில் சிவநேசன் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பெரிதாக அதிரவில்லை. "அங்கை எங்களுக்கு இதைச் சட்டத்திலயே எழுதி வைச்சவங்கள், பௌத்தத்துக்குத்தான் முதலிடம் எண்டு. இஞ்சை சும்மா வாயாலைதானே சொல்லுறான். விடுங்கோ."

"அப்பா, இஞ்சையும் சட்டத்தில இருக்கு" என்றாள் அபிராமி. "கிறிஸ்தவ சபை ஒண்டுதான் அரச மதம் எண்டு அரசியலமைப்பில இருக்கு. அமைச்சர்மாரில பாதிக்கு மேலை அந்தச் சபை ஆக்களா இருக்க வேணும். மாத்த வேணும் எண்டு இப்பதான் கதைக்கினம்."

சிவநேசன் கை சோற்றிலேயே நின்றது. "உண்மையாவோ?" என்று கலாவைப் பார்த்தார். கலாவுக்கும் தெரியாது. இருபது வருடமாக வரி கட்டிய நாடு. தேர்தலன்று வேலை இருக்கிறது, போக முடியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், எழுந்து போய்த் தன் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி யாருக்கோ தொலைபேசியில் பேசினார்.

திங்கட்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூவரும் வரிசையில் நின்றார்கள். கொஞ்சம் பின்னால் இங்கெர். அபிராமியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. இந்த முறை ஆங்கிலத்தில் இல்லாமல் தன் மொழியிலேயே ஏதோ கேட்டார், இவளும் பதில் சொன்னாள். குளிரைப் பற்றியாம். இங்கெர் யாருக்கு வாக்களித்தார் என்று எனக்குத் தெரியாது. நல்ல மனுஷி அவர், அதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கைகள் எனக்குச் சட்டை பின்னின, அந்தப் பேச்சுக்கும் தட்டின. இரண்டையும் சேர்த்து யோசிக்க இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: செப்டம்பரிலேயே கம்பளிச் சட்டை வேண்டும். ரசப்பொடி கொண்டுபோங்கள். லில்லெஸ்ட்ரோம் ரயிலுக்கு நகரச் சீட்டு செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். உங்கள் மதத்துக்காரர்கள் அன்போடு ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் தாராளமாகப் போங்கள். முடிந்தால் உங்கள் மதத்தைச் சேராத ஒருவரையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேடையை மட்டும் பார்க்காமல் அவர் முகத்தையும் அவ்வப்போது பாருங்கள்.